குட்டி யானையும் நாலு டயரும்

கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலை என்பது மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் தோட்டத்தில் பன்னீர் திராட்சைக் கிரேட்டுகள் ஏறும். சின்னமனூர் பக்கம் வாழைத்தார் ஏறும். தேனி மார்க்கெட்டில் தக்காளியும் பீட்ரூட்டும் ஏறும். இதில் பெரும்பகுதி போகிற இடம் மலைக்கு அந்தப் பக்கம்தான். குமுளி வழியாகவோ, கம்பம்மெட்டு வழியாகவோ, போடிமெட்டு வழியாகவோ கேரளாவுக்கு.

லாரி போகும், ஆனால் தோட்டத்துக்குள் லாரி வராது. அந்த இடத்தைப் பிடித்தவை லோடு வேன்கள். 2005ல் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு "குட்டி யானை" என்று பெயர் விழுந்தது. பின்னாலேயே பிக்கப்கள், தோஸ்த்கள் எல்லாம் வந்தன. இன்றைக்குத் தேனி மாவட்டத்தில் பாதி விவசாயம் இந்த வண்டிகளின் முதுகில்தான் நடக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

வண்டி வாங்குகிறவர் இன்ஜினைப் பற்றி நூறு கேள்வி கேட்பார். மைலேஜ் என்ன, தவணை எவ்வளவு, எஃப்.சி. எப்போது... டயர் என்று வந்தால் மட்டும் ஒரே கேள்விதான். "எது விலை கம்மி?"

யோசித்துப் பாருங்கள். ஒன்றரை டன் சுமையோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பும் ஒரு வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர். அவ்வளவுதான். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் செய்கிற வேலையெல்லாம் கடைசியில் அந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான் ரோட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

டயர் கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணே, பின்னாடி ரெண்டும் மொட்டையாயிருச்சு. என்ன டயர் போடலாம்?"

"என்ன லோடுப்பா அடிக்கிற?"

"வாழத்தார்ண்ணே. குமுளி, கட்டப்பனை வரைக்கும் போவேன்."

"எம்புட்டு இருக்கும்?"

"நூறு தாரு ஏத்துவேன். சில நாளு நூத்திப்பத்து."

"தாரச் சொல்லாதப்பா, எடையச் சொல்லு."

இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். ஏனென்றால் எடை யாருக்கும் தெரியாது. திராட்சை என்றால் கிரேட் கணக்கு, வாழை என்றால் தார் கணக்கு, தேங்காய் என்றால் காய் கணக்கு, உரம் என்றால் மூட்டைக் கணக்கு. வாடகையும் அந்தக் கணக்கில்தான். ஆனால் டயருக்குத் தாரும் தெரியாது, கிரேட்டும் தெரியாது. அதற்குத் தெரிந்தது கிலோ மட்டும்தான். ஒரு தார் 15 கிலோ என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் நூறு தார் ஒன்றரை டன். முதலில் வந்த டாடா ஏஸில் ஏற்றலாம் என்று கம்பெனி சொன்னது 750 கிலோ. சரியாக இரண்டு மடங்கு!

அதனால் டயர் கடைக்குப் போவதற்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. எடை மேடை. வழக்கமாக ஏற்றும் லோடோடு ஒரு தடவை முழு வண்டியையும் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். பிறகு வண்டியை முன்னால் நகர்த்தி, பின் சக்கரம் இரண்டு மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி வைத்து இன்னொரு தடவை. இந்த இரண்டாவது எடைதான் முக்கியம். லோடு வேனில் சுமை நாலு டயருக்கும் சமமாகப் பிரியாது. ஏற்றுவதில் பெரும்பங்கு பின்னால்தான் உட்காரும். மொத்த எடையை நாலால் வகுத்து "தாங்கும்" என்று முடிவு செய்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இப்போது டயரின் பக்கச்சுவரைப் படிக்கலாம். ஜாதகக் கட்டம் மாதிரி எழுத்தும் எண்ணுமாக இருக்கும், ஆனால் படிப்பது சுலபம். குட்டி யானையின் டயரில் 145 ஆர்12 எல்டி 8பிஆர் என்று இருக்கும். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். எல்டி என்றால் லைட் டிரக், அதாவது சுமை ஏற்றும் வண்டிக்கானது. 8பிஆர் என்பது பிளை ரேட்டிங். அந்தக் காலத்தில் பருத்தி நூல் அடுக்குகளை வைத்து டயர் செய்தபோது எட்டு அடுக்கு இருந்தால் 8 என்றார்கள். இன்றைய டயருக்குள் எட்டு அடுக்கெல்லாம் கிடையாது. எட்டு அடுக்குக்குச் சமமான பலம் என்று மட்டும் பொருள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மாருதி ஆம்னிக்கும் 145 ஆர்12 டயர்தான், ஆனால் அது 6பிஆர். ஆம்னி டயர் குட்டி யானையின் டிஸ்க்கில் அழகாக உட்காரும். காற்று அடித்தால் நிற்கும், ஓட்டினால் ஓடும். பழைய டயர் விற்கிற இடத்தில் "ரெண்டும் ஒரே சைஸ்தான்" என்று சொல்லித் தருவார்கள். சைஸ் ஒன்றுதான், சுமை ஒன்றல்ல. காலி வண்டியில் இந்த வித்தியாசம் தெரியாது. லோடு ஏற்றி லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது தெரியும். பெரிய பிக்கப்களிலும் இதே கதைதான். சைஸ் ஒத்துப்போகிறது என்று கார் டயரைப் போட்டுவிடுவார்கள். எல்டி என்றோ, அளவுக்குப் பின்னால் சி என்றோ எழுத்து இல்லாத டயர் லோடு வேனுக்கு ஆகாது.

பிஆரை விடத் துல்லியமானது இன்னொரு எண். 86/84 என்கிற மாதிரி பக்கத்தில் இருக்கும், கூடவே ஓர் எழுத்தும் இருக்கும். இதுதான் சுமைக் குறியீடு. எண்ணே கிலோ கிடையாது, அதற்கு ஒரு அட்டவணை உண்டு. 86 என்றால் 530 கிலோ, 90 என்றால் 600, 95 என்றால் 690, 100 என்றால் 800, 106 என்றால் 950, 112 என்றால் 1,120. முதல் எண் ஒரு பக்கத்துக்கு ஒரே டயர் போடும்போது, இரண்டாவது எண் ஜோடி டயர் போடும்போது. எழுத்து வேகத்துக்கு. என் என்றால் 140 கிலோமீட்டர், பி என்றால் 150. மலைப்பாதையில் வேக எழுத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம் :)

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 86 போட்ட இரண்டு டயர் பின்னால் இருந்தால் தாங்கும் எடை 1,060 கிலோ. காலிக் குட்டி யானையின் எடையில் பின்பக்கம் இறங்குவது ஏறத்தாழ 350 என்று வைத்துக்கொள்ளலாம். 750 கிலோ ஏற்றினால் அதில் 600 போலப் பின்னால் உட்காரும். மொத்தம் 950, டயருக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. நூறு தார், ஒன்றரை டன் என்றால் பின்னால் 1,550க்குப் பக்கம். தாங்க வேண்டியதை விட ஐந்நூறு கிலோ அதிகம். இந்த ஐந்நூறு கிலோவைத் தாங்கும் டயர் அந்தச் சைஸில் எந்தக் கம்பெனியிடமும் கிடையாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் கிடையாது.

"எல்லாரும் ஏத்துறாங்க, வண்டி ஓடத்தானே செய்யுது?" என்று கேட்பார்கள். ஓடுகிறது, உண்மைதான். கமான் பட்டையில் கூடுதலாக இரண்டு பிளேட் வைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆனால் பட்டை சேர்த்தால் வண்டி பின்னால் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். டயரின் பலம் ஒரு கிலோகூட ஏறாது. சொல்லப்போனால் வண்டி தாழ்வது ஓர் எச்சரிக்கை. அதையும் மறைத்துவிடுகிறது அந்தப் பட்டை.

டயர் வெடிப்பது பெரும்பாலும் ஆணி குத்தியதால் அல்ல, சூட்டால். சுமை அதிகமானால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடாகுமே, அதே கதை. சூடு ஏற ஏற ரப்பரும் நூல் அடுக்கும் ஒட்டியிருக்கும் பிடி தளரும். ஒரு நாள் மேல் பட்டை உரிந்து பறக்கும். மலையிலிருந்து இறங்கும்போது இன்னொரு சூடும் சேர்கிறது. பிரேக் டிரம் கொதித்து, அந்தச் சூடு டிஸ்க் வழியாக டயரின் விளிம்புக்கு வரும். இரண்டாவது கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது பிரேக்குக்காக மட்டும் இல்லை, டயருக்காகவும்தான்.

காற்று விஷயத்தில் தேனிப் பக்கம் ஒரு தீராத நம்பிக்கை உண்டு. "வெயில் காலம், காத்து கம்மியா வை, இல்லாட்டி வெடிச்சிரும்." நடப்பது நேர் எதிர். சுமையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் சுவர் அதிகம் மடங்கும், சூடு அதிகம் ஆகும், வெடிக்கும். காலையில் 65 பி.எஸ்.ஐ. இருந்த டயர், ஓடி 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 75க்குப் பக்கம் காட்டும். இது இயல்பு, டயர் செய்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். மத்தியானம் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி டீக்கடையில் நிறுத்தி, சூடான டயரில் பத்து பி.எஸ்.ஐ. இறக்கிவிட்டால் மறுநாள் காலை 55தான் இருக்கும். அதே லோடு, பத்து குறைந்த காற்று. காற்றைப் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை, வண்டி கிளம்பும் முன்னால். எவ்வளவு என்பது கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையிலோ வண்டியோடு தந்த புத்தகத்திலோ இருக்கும். காலி வண்டிக்கு ஓர் அளவு, லோடுக்கு ஓர் அளவு இருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் போட்டிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டவே கூடாது.

இந்த ஊருக்கென்று ஒரு விசித்திரம் உண்டு. வேறு பல மலைப்பாதைகளில் மேலிருந்து சுமை கீழே வரும். இங்கே காய்கறியும் பழமும் மேலே போகின்றன, வண்டி காலியாகக் கீழே வருகிறது. (போடி ஏலத்துக்கு வரும் ஏலக்காய் இறங்கும்தான். ஆனால் அது எடைக்குப் பேர் போன சரக்கு அல்ல, விலைக்குப் பேர் போனது.) ஏறும்போது லோடுக்குத் தக்க காற்று வைத்திருப்பார்கள். இறங்கும்போது அதே காற்றோடு பின்பக்கம் லேசாக, குதித்துக்கொண்டு வரும். நனைந்த ரோட்டில் இப்படி வரும் காலி வண்டியின் பின்பக்கம் வளைவில் விலகுவது அப்படித்தான். லோடு இல்லாத வண்டிதானே என்று வேகமாக இறங்குகிறவர்களுக்கு இது புரிவதில்லை.

மழையும் அப்படித்தான். கம்பம் மழை மறைவுப் பிரதேசம். ஜூன், ஜூலையில் கம்பத்தில் வெயிலும் காற்றுமாக இருக்கும், அரை மணி நேரத்தில் குமுளி எல்லை தொட்டால் மழையும் பனிமூட்டமும். ஐப்பசி வந்தால் மலையின் இந்தப் பக்கமும் கொட்டும். ஒரே டயர் ஒரே காலையில் இரண்டு ஊர்த் தட்பவெப்பத்தையும் பார்த்தாக வேண்டும். வெயில் ரோட்டில் மொட்டை டயர்கூடப் பிடிக்கும். தண்ணீரில்தான் அது கைவிடும், ஏனென்றால் தண்ணீர் வெளியேற வழி அந்தப் பள்ளக் கோடுகள்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி நாலு சக்கர வண்டிக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். டயரிலேயே அடையாளம் உண்டு. பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்னத் திட்டு இருக்கும், அந்தத் திட்டோடு டயர் சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது. குமுளி மலைக்கு அதுவரை காத்திருப்பதே அதிகம். 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

பட்டன் விஷயத்துக்கு வருவோம். நீளவாக்கில் கோடு கோடாக ஓடுவது ரிப் டயர். கட்டை கட்டையாக இருப்பது லக் டயர். ரிப் டயர் நேராக ஓடும், சூடு குறைவு, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். அதனால் முன்னால் அது பொருத்தம். லக் டயர் சேறு, மண், ஏற்றம் இவற்றில் நன்றாகப் பிடிக்கும். இந்த வண்டிகளில் பின் சக்கரம்தான் இழுக்கிறது என்பதால் பின்னால் அது பொருத்தம். ஆனால் முழு லக் டயர் தார் ரோட்டில் இரைச்சலும் சூடும் தரும், சீக்கிரம் தேயும். தோட்டத்துக்குள் இருநூறு மீட்டர் சேறு, மீதி நூறு கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை என்றால் அந்த இருநூறு மீட்டருக்காக லக் டயர் போடுவது வீண். இரண்டும் கலந்த மாதிரிப் பட்டன் கிடைக்கிறது, பெரும்பாலான வண்டிகளுக்கு அது போதும். ஓடைப்பட்டி மாதிரி இடத்தில் மண் பாதையிலேயே பாதி நாள் கழிக்கும் வண்டி என்றால் கதை வேறு.

நைலானா, ரேடியலா? இந்தப் பட்டிமன்றம் முடிவதே இல்லை. 1946ல் பிரான்சில் மிஷலின் கம்பெனி ரேடியலுக்குக் காப்புரிமை வாங்கியது. (அதே 1946ல்தான் மெட்ராஸ் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆனது.) ரேடியலில் நூல்கள் குறுக்காக ஒரே நேராகப் போகும், மேலே எஃகுக் கம்பிப் பட்டை இருக்கும். நைலானில் நூல்கள் சாய்வாக ஒன்றன் மேல் ஒன்று போகும். ரேடியல் சூடு குறைவு, டீசல் மிச்சம், அதிகம் ஓடும். நைலான் விலை குறைவு. பக்கச்சுவர் தடிமன், கல்லில் இடித்தால் சுலபத்தில் கிழியாது. மெட்டுச் சாலைகள் நல்ல தார் ரோடாகிவிட்ட பிறகு, தினமும் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு ரேடியல்தான் சரி. தோட்டத்துக்கும் மண்டிக்கும் மட்டும் ஓடுகிற வண்டிக்கு நைலான் போதும். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்று மட்டும் போடவே கூடாது. பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டியூப் உள்ளதா, இல்லாததா என்பதில் பட்டிமன்றமே தேவையில்லை. டியூப் டயரில் ஆணி ஏறினால் காற்று சட்டென்று போய்விடும். டியூப்லெஸ்ஸில் மெல்ல இறங்கும். வளைவில் இருப்பவருக்கு அந்தச் சில நிமிடம் பெரிய விஷயம். டிஸ்க் அதற்கு ஏற்றதாக இருந்தால் டியூப்லெஸ் போட்டுவிடலாம்.

ரீட்ரேட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேலே சொன்ன எம்.ஆர்.எஃப். கூட 1952ல் டயர் செய்து இந்தத் தொழிலுக்கு வரவில்லை, தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் ரப்பர் செய்துதான் வந்தது. டயர் செய்ய ஆரம்பித்தது அறுபதுகளில். ஆக ரீட்ரேட் கேவலமான விஷயம் ஒன்றும் இல்லை. உள்கூடு நன்றாக இருக்கும் டயரில் நல்ல இடத்தில் போட்ட ரீட்ரேட் பின் சக்கரத்தில் நன்றாகவே உழைக்கும். ஆனால் ஓவர் லோடு அடித்த டயரின் உள்கூடு ஏற்கெனவே வெந்து போயிருக்கும். வெளியே தெரியாது. அதன்மேல் புது ரப்பர் ஒட்டினால் செத்த மாட்டுக்குப் புது லாடம் கட்டுகிற மாதிரிதான். ஓவர் லோடு அடிக்கிறவருக்குத்தான் ரீட்ரேட் சிக்கனம் அதிகம் தேவைப்படுகிறது, அவருக்குத்தான் அது பொருந்துவதும் இல்லை. முன் சக்கரத்தில் மட்டும் ரீட்ரேட் யாருக்குமே வேண்டாம். முன் டயர் போனால் ஸ்டீயரிங் கையில் இல்லை.

ஓவர் லோடு ஏன் என்று கேட்டால் டிரைவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பழம் காத்திருக்காது. ஒரு நடைக்கு இவ்வளவு வாடகை என்று பேசிவிட்டால் சரக்குக்காரருக்கு இரண்டு நடையை ஒன்றாக்குவதில்தான் லாபம். மாதத் தவணை வைத்திருக்கும் வண்டிக்காரர் மறுத்தால் அடுத்த வண்டி தயாராக நிற்கும். 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் ஓவர் லோடுக்கு 20,000 ரூபாயும், மேற்கொண்டு டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. அது பெரும்பாலும் வண்டிக்காரரின் தலையில்தான் விழுகிறது, சரக்குக்காரரின் தலையில் அல்ல. வெடித்த டயரின் விலையும் அப்படியே. ஒரு வருடத்தில் எத்தனை டயர் மாற்றினோம் என்று எழுதி வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்த்தால், அந்த அதிகப்படி இருபது முப்பது தாருக்குக் கிடைத்த காசு எங்கே போனது என்று தெரியும்.

வாழைத்தார் கவிழ்ந்தால் நஷ்டம். ஆனால் இதே பாதைகளில் விடிவதற்கு முன் இன்னொரு சுமையும் ஏறுகிறது. கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள், ஜீப்பில் நெருக்கியடித்து, மடியில் தூக்குவாளியோடு. ஆளுக்கு 50 கிலோ என்றால் பதினாறு பேர் 800 கிலோ. ஏறக்குறைய ஒரு குட்டி யானை லோடு. மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டலாம், ஆட்களைக் கட்ட முடியாது. வளைவுக்கு வளைவு பாரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும், வெளிப்பக்கத்து டயர் இரண்டின் மேல் இறங்கும். மாலை அதே ஜீப் அதே பெண்களோடு இறங்கி வர வேண்டும். அப்போது மழை பெய்யும், இருட்டும். இந்த ஜீப்களின் டயரை யார் குனிந்து பார்க்கிறார்கள்? எஃப்.சி.க்கு வருடத்தில் ஒரு நாள் நல்ல டயர் மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் பழையதை மாட்டுகிற வழக்கம் நாடு முழுக்க உண்டு. ஏறுகிறவர்களே ஒரு பார்வை பார்க்கலாம். பள்ளக் கோடு இருக்கிறதா, பக்கச்சுவரில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக் வேண்டியதில்லை. ஆனால் ஏற மாட்டேன் என்றால் அன்றைய கூலி போய்விடும் என்பதும் உண்மை.

கடைசியாக, புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும், அதைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் வருடம் 23வது வாரத்தில் செய்தது. இரண்டு மூன்று வருடம் கடையில் கிடந்த டயரைத் தள்ளுபடி என்று தந்தால் யோசிக்க வேண்டும். மாட்டிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒரு தடவை இறுக்க வேண்டும். அப்படியே ஸ்டெப்னியையும் குனிந்து பார்த்துவிடலாம். பெரும்பாலான வண்டிகளில் அது அடியில் சேறு அப்பிக் கிடக்கும், காற்று இருக்காது, தேதியைத் துடைத்துப் பார்த்தால் வண்டியின் வயதே அதற்கும் இருக்கும். லோடு ஏற்றிய வண்டி மலைப்பாதையில் பஞ்சரானால், கையில் இருப்பது அது ஒன்றுதான்.